மாவுப் பாத்திரமும் கிண்டியின் மூக்கும்

நாகர்கோவிலில் ரயிலேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் திருவனந்தபுரத்தை விட்டுப் பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அங்குள்ள மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யின் குழந்தைகள் பிரிவில் மலையாளத்தோடு தமிழும் கேட்கும். குழந்தைக்கு ரத்தப் புற்று என்று தெரிந்ததும் தாய்மார் கேட்பது ஒன்றுதான்: "கட்டியே இல்லையே, எதுக்கு ரெண்டரை வருஷம் மருந்து?"

விடை அடுக்களையில் இருக்கிறது.

எலும்பு மஜ்ஜை ஒரு மாவுப் பாத்திரம். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் அதிலிருந்துதான் வருகின்றன. ரத்தப் புற்றில் மாவு கெட்டுப்போகிறது. பொங்கி வழியும், இட்லியாக வேகாது. முதிராத அணுக்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் குழந்தை வெளுக்கிறது, காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது, உடம்பில் நீலத் திட்டுகள் வருகின்றன.

முதல் மாதம் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவும் காலம். வின்கிறிஸ்டின் ஊசி, நம் முற்றத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. கூடவே ஸ்டீராய்டு. அந்த நாட்களில் குழந்தை நடுராத்திரி எழுந்து தோசை கேட்கும், காரணமில்லாமல் அழும், கன்னம் உப்பும். மருந்து செய்கிற வேலை அது. பிடிவாதம் என்று அடித்துவிடாதீர்கள்.

மாதக் கடைசியில் மஜ்ஜைப் பரிசோதனை. 'நோய் அடங்கிவிட்டது' என்பார்கள். பாத்திரம் பளபளக்கிறது. ஆனால் விளிம்பில் ஒட்டிய பழைய மாவு ஒரு சொட்டு போதுமே, புது மாவைப் புளிக்க வைக்க! நோய் தெரியவரும்போது உடம்பில் ஏறக்குறைய லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். அதனால்தான் மறுபடியும் மறுபடியும் கழுவுகிறார்கள்.

மூக்கு வைத்த கிண்டிச் செம்பை எவ்வளவு தேய்த்தாலும் அதன் மூக்குக்குள் நார் போகாது. மூளையும் தண்டுவடமும் அப்படி. ரத்தத்தில் போகும் மருந்து அங்கே சரியாகச் சேராது. அதற்குத்தான் முதுகு ஊசி. அதில் போகிற மெத்தோட்ரெக்சேட் மருந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது.

முதுகு ஊசிக்கு முன் குழந்தையிடம் "ஊசியே இல்ல மக்களே" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சிருப்பேன், பிறகு சரியாயிரும்" என்று சொன்னால் அடுத்த முறையும் அந்தக் கையை நம்பி வரும். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் இது வந்தது என்று சின்னக் குழந்தைகள் உள்ளுக்குள் நினைப்பதுண்டு. அப்படி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இது தொற்றாது என்று வீட்டிலிருக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

அழுத்தித் தேய்த்தால் பித்தளைப் பாத்திரத்தின் ஈயப்பூச்சும் போகும். கீமோ மருந்துக்குப் பின் ரத்த அணுக்களின் கவுன்ட் இறங்குவது அதுபோலத்தான். பாத்திரத்தின் பூச்சு போலில்லாமல் கவுன்ட் தானாகத் திரும்பும். அதுவரை தொற்று வராமலிருக்கச் சுடச்சுடச் சமைத்தது, காய்ச்சி ஆறிய தண்ணீர், தோலுரித்த பழம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தக் கழுவல் முடிந்த பிறகு வருவது நீண்ட மாத்திரைக் காலம், ஒன்றரை வருஷத்துக்கும் மேலே. தினம் மெர்காப்டோபூரின், வாரம் ஒருநாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அதைத் தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அடுக்களைக் காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது இந்தக் காலத்தை நினைத்துத்தான். முடி வளர்ந்துவிடும், பிள்ளை ஓடியாடும், பள்ளிக்கூடம் போகும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒட்டிய மாவு கண்ணுக்குத் தெரியாது. ரயில் செலவுக்குப் பணமில்லையா, கூலி போகிறதா, மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ அதைச் சொல்லுங்கள்.