‘தானா பேசிடும்’ என்று காத்திருக்கும் வீடுகள்

இரண்டு வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் வம்சத்தில்தான் ஆதாரம் தேடுவார்கள். “அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று பாட்டி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. வசம்பைச் சுட்டு, உரைத்து நாக்கில் தடவுவார்கள். ஆண் பிள்ளை என்றால் கூடுதலாக ஒரு வருடம் தவணை கிடைக்கும். பாட்டி சொல்வது பல குழந்தைகள் விஷயத்தில் பலித்தும் விடுகிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. தாமதமானாலும் தானாகப் பேசிவிடும் பிள்ளை, காது கேட்காததால் பேசாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று மூவரையும் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய அட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான அந்த ஒற்றைத் தாளில் 17 செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, கையிலிருக்கும் பொருளை மறு கைக்கு மாற்றுவது, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது, இரண்டு வார்த்தை சொல்வது, பொம்மையின் கண்ணையும் மூக்கையும் தொட்டுக் காட்டுவது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பட்டை. கீழே மாதக் கணக்கு. குழந்தையின் வயது எந்த மாதமோ, அங்கே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளுக்குரிய செயல்களில் ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றாலும், சீட்டு எழுதி அனுப்பிவிட வேண்டும். சில நிமிட வேலை. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும்.

அவசரம் ஏன்? பிறக்கும்போது பெரியவர்களின் மூளை எடையில் கால்வாசிதான் குழந்தைக்கு இருக்கும். மூன்று வயதுக்குள் அது ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. வளர்கிற அந்த நாட்களில்தான் மூளை பழக்குவதற்கு இசைந்து கொடுக்கும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் காது கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. தைராய்டு சுரப்புக் குறைவோடு பிறந்த குழந்தைக்கு அவ்வளவு அவகாசம்கூடக் கிடையாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம்.

இது எங்கோ சில வீட்டுக் கதையும் இல்லை. பல்வல், காங்ரா, டேங்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளைப் பார்த்து 2018-ல் வெளிவந்த ஆய்வு, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு பிரச்சினை இருப்பதாகச் சொன்னது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட குழு வண்டியில் வந்து, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு, ஊழியர்கள் பேச்சில் டி.இ.ஐ.சி.க்கு, சீட்டு தருவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சீட்டு வாங்கிய அம்மாவின் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பயிற்சி என்பது ஊசி போல ஒரு தடவையில் முடிகிற காரியமா? வாரத்துக்கு இரண்டு நாள், மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருடக்கணக்கில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது டிக்கெட் இல்லை, சரி. நூறு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகிற நாளுக்குக் கூலி யார் தருவார்கள்? கழுத்து நிற்காத மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். சில வாரம் வருவார்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே வெற்றிடம். அந்த அம்மாவை ‘அக்கறையில்லாதவர்’ என்று எழுதுவது சுலபம். முதலமைச்சர் காப்பீட்டில் லட்சக்கணக்கில் செலவழித்துக் காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துகிறோம். பொருத்திய பின் கேட்கவும் பேசவும் பழக்குகிற வகுப்புக்குக் குழந்தை வர முடியாமல் போனால், அந்தக் கருவியால் என்ன பயன்?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தின் ஆரம்பநிலை இடையீட்டுத் திட்டத்தில், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். தெரபிஸ்ட்டுகள் திட்டம் போட்டுக் கொடுத்து மேற்பார்வை பார்க்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றம் செயலியில் பதிவாகிறது. படித்த நிபுணர்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 2016-ல் வந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரைப் பழக்கினார்கள். பெற்றோர் குழந்தையோடு இணங்கி விளையாடும் விதம் தெளிவாக மேம்பட்டது.

வீட்டில் செய்வது என்ன பெரிய வித்தையா என்று கேட்டால், சிறு சிறு காரியங்கள்தான். பெருமூளை வாதம் (சி.பி.) உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவது நம் பழக்கம். சோறு மூச்சுக்குழாயில் ஏறிச் சளியும் காய்ச்சலும் வந்துகொண்டே இருக்கும். சுவரும் சுவரும் சேரும் மூலையில் உட்காரவைத்து, இருபக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி ஊட்டினால் விழுங்குவது சுலபமாகும். அந்த நேரத்தில் முதுகு நிமிரவும் பழகும். பேசாத குழந்தையிடம் முறுக்கைக் கேட்குமுன் கொடுத்துவிடக் கூடாது. முறுக்கைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது கண்ணைப் பார்க்கும், கையை நீட்டும், ‘ம்’ என்னும். அந்த ‘ம்’முக்கு உடனே முறுக்கு. பத்து விநாடி சும்மா இருப்பது அம்மாக்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். (செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால் கேட்க வேண்டிய தேவையே குழந்தைக்கு இல்லாமல் போகிறது.)

ஒன்று உறுத்துகிறது. ‘வீடே பயிற்சிக்கூடம்’ என்று மேடையில் முழங்கிவிட்டு எல்லாவற்றையும் அம்மாவின் தலையிலேயே கட்டிவிட முடியும். அடுப்பு, மாடு, மற்ற பிள்ளைகள், அதன் மேல் தெரபி. வாரம் தவறாமல் ஒருவர் படியேறி வந்து, தவறைத் திருத்தி, “போன வாரத்துக்கு இப்போ பரவாயில்லக்கா” என்று சொல்ல ஆள் இருந்தால்தான் இது நிற்கும். அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளமும் வேண்டும். சேவை என்று சொல்லியே இந்த நாட்டில் எத்தனை பெண்களிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிவிட்டோம்.

நோய்க்குப் பெயர் தெரியட்டும், சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. மாத உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டும்தான், அதற்கு அலைவதும் அவசியம்தான். ஆனால் பயிற்சிக்கு அந்தக் காகிதம் தேவையில்லை. பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது பரிசோதனை. முடிவு எதுவாக இருந்தாலும் முறுக்கு விளையாட்டை அன்றைக்கே ஆரம்பிக்கலாம். கழுத்து நிற்காத குழந்தையை நெஞ்சுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குப்புறப் போட்டு, எதிரே கிலுகிலுப்பையை ஆட்டித் தலை தூக்கவைக்கும் பயிற்சியை, கேஸ் ஷீட்டில் ‘சி.பி.’ என்று எழுதும் வரை தள்ளிப்போடச் சொல்லி எந்த பிசியோவும் கேட்பதில்லை.