கடலே வயலாக ஒரு கிராமம்

உங்கள் நிலப்படப் புத்தகத்தில் இந்தோனேசியா உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவிலிருந்து கிழக்கு நோக்கி விரலை நகர்த்துங்கள். பாலி, லோம்போக், சும்பாவா, ஃபுளோரஸ் என்று தீவுகள் வரிசையாக வரும். ஃபுளோரஸின் கிழக்கு முனையைத் தாண்டினால் சோலோர், அடோனாரா, லெம்பாட்டா என்னும் சிறு தீவுகளைக் காணலாம். பழைய நிலப்படமாயிருந்தால் லெம்பாட்டாவுக்கு லோம்பிளென் என்று பெயர் போட்டிருக்கும். அத்தீவின் தென்கரையில், எரிமலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்தான் லாமலேரா.

ஊரைச் சுற்றிலும் பாறையும் கருங்கல்லும். மழையோ ஆண்டில் சில மாதங்கள்தான். உழுது பயிரிட நல்ல நிலம் இல்லை. அப்படியானால் அந்த மக்கள் எதை உண்டு வாழ்கிறார்கள்? கடலைத்தான் அவர்கள் வயலாகக் கொண்டிருக்கிறார்கள். அந்த வயலில் அவர்கள் அறுவடை செய்வது, பல் உள்ள திமிங்கிலங்களுள் மிகப் பெரிதான ஸ்பெர்ம் திமிங்கிலத்தை!

திமிங்கிலம் ஏன் கரையோரம் வருகிறது?

பல நாடுகளில் கடற்கரையிலிருந்து வெகுதூரம் வரை கடல் ஆழமற்றே இருக்கும். லெம்பாட்டாவின் தென்கரையில் அப்படியில்லை. கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடற்படுகை செங்குத்தாக இறங்கிவிடுகிறது. பசிபிக் பெருங்கடலின் நீர் இத்தீவுகளின் இடைவெளிகள் வழியே இந்தியப் பெருங்கடலுக்குள் பாய்கிறது. நீரோட்டங்கள் கலக்கும் இடத்தில் உணவுச் சத்து மேலே வரும். அதைத் தொடர்ந்து மீன்களும் கணவாய்களும் பெருகும். ஆழத்துக் கணவாயே ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் முக்கிய உணவு.

அது கணவாயைத் தேடி 1000 மீட்டர் ஆழத்துக்கும் கீழே செல்லும். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் 1000 மீட்டரில் எவ்வளவு? மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து ஏறக்குறைய 101 மடங்கு! வெளிச்சமே இல்லாத அந்த ஆழத்தில் கண்ணால் என்ன பயன்? எனவே திமிங்கிலம் 'டிக், டிக்' என்ற ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு இரையை அறிகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். எதிரொலி ஒரு வினாடியில் திரும்பினால் இரை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? போய்வரும் தூரத்தை இரண்டால் வகுக்க மறக்காதீர்கள்: 750 மீட்டர்.

மூச்சுவிட மேலே வந்துதானே ஆகவேண்டும்? ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்பகுதியில், இடப்புறமாக அமைந்திருக்கிறது. ஆகவே அது விடும் நீராவிப் புகை முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழும். நீலத் திமிங்கிலத்தின் புகையோ செங்குத்தாக எழும். நீலத் திமிங்கிலம் தங்கள் மூதாதையரைக் காப்பாற்றியது என்பது லாமலேரா மக்களின் நம்பிக்கை. அதைத் தொடமாட்டார்கள். சாய்ந்த புகையைக் கண்டால் மட்டும் 'பலேயோ! பலேயோ!' என்ற கூவல் ஊர் முழுதும் எதிரொலிக்கும்.

ஆணி இல்லாத படகு

இவர்களுடைய படகின் பெயர் தேனா. நீளம் சுமார் 10 மீட்டர். பலகைகளை மர முளைகளால் இணைத்து, உள்சட்டங்களைப் பிரம்பால் கட்டுகிறார்கள். இரும்பு ஆணி கிடையாது. விறைப்பாக இறுக்கிய படகு அடி விழுந்தால் பிளந்துவிடும்; கட்டிய படகு சற்று வளைந்துகொடுக்கும். பாயும் பனையோலை வகையால் பின்னியதே.

படகின் முன்புறத்தில் ஒரு மூங்கில் மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நிற்பவர் லமஃபா எனப்படும் ஈட்டியாளர். அவர் நீண்ட மூங்கில் காம்பு பொருத்திய ஈட்டியை வெறுமனே எறிவதில்லை. ஈட்டியோடு தாமும் திமிங்கிலத்தின் மேல் பாய்கிறார்! இது வீரம் மட்டும்தானா? உந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஈட்டியின் நிறை 5 கிலோகிராம், எறியும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 50 அலகு. இனி 60 கிலோகிராம் நிறையுள்ள மனிதர் அதே ஈட்டியுடன் 1¼ மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கட்டும். கீழே வரும்போது வேகம் வினாடிக்குச் சுமார் 5 மீட்டர். மொத்த நிறை 65. எனவே உந்தம் 325 அலகு. ஆறு மடங்குக்கும் மேல்! பௌதிகப் புத்தகம் இல்லாமலே அவர்களுடைய முன்னோர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் ஈட்டி பட்ட திமிங்கிலம் சும்மா இருக்குமா? வளர்ந்த ஆண் திமிங்கிலம் 40 டன்னுக்கும் மேல் எடையுள்ளது. கயிற்றோடு கட்டுண்ட படகை அது துரும்புபோல் இழுத்துச் செல்லும். 1994ஆம் ஆண்டு இப்படிப் படகுகள் கரை தெரியாத தொலைவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு மூழ்கின. பல நாட்கள் மிதந்து தவித்த மீனவர்களை அவ்வழியே வந்த உல்லாசப் பயணக் கப்பல் ஒன்று காப்பாற்றியது.

பங்கு போடும் கலை

ஒரு திமிங்கிலம் கரை சேர்ந்தால் ஒருவருக்கு மட்டும் அது சொந்தமில்லை. ஈட்டியாளர், துடுப்புப் போட்டவர்கள், படகின் பங்காளிகள், படகு கட்டிய தச்சர், ஈட்டிமுனை அடித்த கொல்லர் என ஒவ்வொருவருக்கும் உடலின் இன்ன பகுதி என்று வரையறை உண்டு. அவர்கள் வாங்கிய பங்கிலிருந்து உறவினர், முதியோர், கைம்பெண்கள் வீடுகளுக்கும் போகிறது.

எஞ்சியதை வெயிலில் உலர்த்திப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுசெல்வார்கள். அருகிலுள்ள வுலாண்டோனியில் சனிக்கிழமைச் சந்தை. அங்கே பணமில்லாத பண்டமாற்று நடக்கிறது. ஒரு துண்டு உலர்ந்த இறைச்சிக்குப் பன்னிரண்டு மக்காச்சோளக் கதிர் அல்லது பன்னிரண்டு வாழைப்பழம் என்பது வழக்கமான விகிதம். மலைவாசிகளுக்குப் புரதம், கடலோரத்தாருக்கு மாவுச்சத்து!

இந்தப் பழக்கம் மனத்தையும் மாற்றுமா? 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். பதினைந்து சிறு சமூகங்களில் ஒரு விளையாட்டை ஆடச் செய்தார்கள். உங்களிடம் 100 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கை முகம் தெரியாத இன்னொருவருக்குத் தர முன்வர வேண்டும். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம்; மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெருவின் மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக 26 பங்குதான் தர முன்வந்தனர். லாமலேராவில் சராசரி 58! பாதிக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். பதினைந்திலும் இதுவே மிக அதிகம். தனி ஒருவனால் திமிங்கிலத்தைப் பிடிக்க முடியாது என்பதை அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே கற்றுவிடுகிறார்கள் அல்லவா?

இனி என்ன?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழும். திமிங்கிலத்தைக் கொல்லலாமா? நியாயமான கேள்வி. பெண் திமிங்கிலம் ஒரு குட்டி ஈன்றால் மறு குட்டிக்கு நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகும். இழப்பை அது எளிதில் ஈடுசெய்யாது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். லாமலேராவினர் பிடிப்பது சராசரியாக ஆண்டுக்கு இருபதை ஒட்டியது. சில ஆண்டுகளில் மிகக் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் பெரும் வேட்டைக் கப்பல்களோ, எண்ணெய்க்காகவும் மெழுகுக்காகவும் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்களைக் கொன்றன. 1986 முதல் வணிக வேட்டை உலகளவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. 2009இல் சவு கடலில் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டபோது ஊரார் எதிர்த்தனர்; லெம்பாட்டாவின் கரை அதில் சேரவில்லை. யானைத் திருக்கைகளை இந்தோனேசிய அரசு 2014இல் முழுமையாகப் பாதுகாத்தது. அதுவும் இவர்களுடைய பழைய இரைகளுள் ஒன்று.

வெளியிலிருந்து வரும் சட்டத்தைவிட உள்ளேயிருந்து வரும் மாற்றம் வேகமானது. 1973இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இங்கே நவீன வேட்டை முறையைப் புகுத்த முயன்றது, அது நிலைக்கவில்லை. ஆனால் பின்னர் வந்த சிறு மோட்டார்ப் படகுகளும் வலைகளும் நிலைத்துவிட்டன. மோட்டார்ப் படகை அவர்கள் 'ஜான்சன்' என்றே அழைக்கிறார்கள். அதற்குப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். மக்காச்சோளக் கதிரைக் கொடுத்துப் பெட்ரோல் வாங்க முடியுமா? பள்ளிச் சம்பளமும் கைப்பேசிக் கட்டணமும் அப்படியே. படித்த இளைஞர்கள் லெவோலேபாவுக்கும் குப்பாங்குக்கும் வேலைதேடிப் போகிறார்கள்.

போகக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? நோய்க்கு மருத்துவரும் பிள்ளைகளுக்குப் படிப்பும் அந்த ஊருக்கும் வேண்டும்தானே. ஆனால் பத்துப் பேர் துடுப்புப் போடும் படகுக்கு மூன்று பேரே மிஞ்சினால் வேட்டை மட்டுமா நிற்கும்? பங்கு போடும் முறையும் நிற்கும். வலையில் விழுந்த மீனைத் தனியாக விற்றுப் பணமாக்கியவர், பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணுக்கு அதில் பாதியைக் கொடுப்பாரா?

ஒவ்வோர் ஆண்டும் மே முதல் நாள், கடற்கரையில் பாதிரியார் படகுகளுக்கு ஆசி கூறியபின் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அன்று கரையில் நிற்கும் உங்கள் வயதுப் பையன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஒரு கையில் துடுப்பு. மறுகையில் பாடப் புத்தகம். அவன் உங்களிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, உங்கள் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். 'இரண்டையும்' என்று எழுதுவீர்களானால், எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லாமலேராவின் பெரியவர்கள் விடை தேடிக்கொண்டிருப்பதும் அந்தக் கேள்விக்குத்தான்.