மலைப்பாதை மயக்கமா? மண்டை அடியா?

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு நாலாவது வளைவிலேயே தலை சுற்றும். சிலர் வாந்தி எடுப்பார்கள். எலுமிச்சம் பழத்தை முகர்ந்து பார்ப்பார்கள். ஊட்டிக்குப் போய்ச் சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்து இருக்கிறது!

தலையில் அடிபட்டவருக்கும் தலை சுற்றும். அவரும் வாந்தி எடுப்பார். "மலை ஏறியதால் வந்த மயக்கம்" என்று வீட்டார் சொல்லி விடுவார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அடிபட்டவரும் சொல்வார். மருத்துவ ஊழியர்கள் அதிகம் பயப்படுவது இந்த "ஒன்றும் இல்லை"க்குத்தான்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, தென்காசி மாவட்டத்தில் இருந்து ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர்களின் பஸ், திரும்பும் வழியில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் உருண்டது. 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட விபத்து என்றால் ஊரே ஓடி வருகிறது. ஆனால், தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்த பெண்ணையும், ஈரப் படிக்கட்டில் விழுந்த பாட்டியையும் யார் கவனிக்கிறார்கள்?

மூளை அதிர்ச்சி

மூளை மிகவும் மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் நீர் சூழ இருக்கிறது. தலை எதிலாவது மோதினால் மூளை உள்ளே குலுங்குகிறது. அதன் வேலை சிறிது காலம் தடுமாறுகிறது. இதைத்தான் டாக்டர்கள் மூளை அதிர்ச்சி என்கிறார்கள். இதற்கு மண்டை உடைய வேண்டியது இல்லை. மயக்கம் போட வேண்டியதும் இல்லை.

"ஸ்கேன் எடுத்தோம், சுத்தமாக இருக்கிறது. அப்புறம் ஏன் தலை வலிக்கிறது?" என்று பலர் கேட்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூளை குலுங்கியது அதில் தெரியாது.

சில சமயம் ரத்தம் மெதுவாகக் கசியும். விழுந்தவர் நன்றாகப் பேசுவார், காப்பி குடிப்பார். சில மணி நேரம் கழித்துச் சாய்வார். அதனால்தான் முதல் இரண்டு நாட்கள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

தலைவலி ஏறிக்கொண்டே போகிறதா? திரும்பத் திரும்ப வாந்தி வருகிறதா? பேச்சு குழறுகிறதா? கை கால் வலுவிழக்கிறதா? வலிப்பு வருகிறதா? கண்மணிகளில் ஒன்று பெரிதாகத் தெரிகிறதா? காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வருகிறதா? எழுப்பினால் எழவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மலைப்பாதை மயக்கம் வண்டியை விட்டு இறங்கியதும் குறையத் தொடங்கும். மண்டை அடி அப்படி அல்ல. இறங்கிய பிறகும் ஏறும். குடித்து இருப்பவர் விழுந்தால் இன்னும் சங்கடம். "போதையில் கிடக்கிறான்" என்று விட்டு விடுவார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் விழுந்தால், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் டாக்டரிடம் காட்டி விட வேண்டும். வயதானவர்களுக்குச் சில வாரம் கழித்துக்கூடக் கசிவு தெரிய வரும்.

"தூங்க விடாதே!"

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொன்னால் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லது. டாக்டர் சொன்னால் மட்டும் இடையில் எழுப்பிப் பார்த்தால் போதும்.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. டெலிபோன், டெலிவிஷன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். சாராயம் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. அதற்காக வாரக் கணக்கில் இருட்டறையில் கிடக்கவும் வேண்டாம்! மெல்ல நடக்கலாம், சிறு வேலை செய்யலாம். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறுவார்கள். குழந்தைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும். பையன் எரிந்து விழுகிறான், பாடம் மறக்கிறான் என்றால் அடிக்காதீர்கள். அது அடியின் விளைவாக இருக்கலாம்.

முழுதும் தேறும் முன் மறுபடி தலையில் அடிபடக் கூடாது. கிரிக்கெட்டில்கூட இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார். உள்ளே போன பிறகுதான் தலை சுற்றுவதாகச் சொன்னார். அவருக்குப் பதிலாகச் சாகல் இறங்கி 3 விக்கெட் எடுத்தார். (நம் சேலத்து நடராஜனும் அதே ஆட்டத்தில் 3 விக்கெட் எடுத்தார்!)

தேயிலை பறிக்கும் பெண்ணுக்குப் பதிலாள் ஏது? இரண்டு நாள் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். தலைவலியோடு சரிவில் ஏறுகிறாள். தலை சுற்றினால் மறுபடி விழுகிறாள். 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, டாக்டர் சான்றிதழ் இருந்தால் நோய்க்காலப் படி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். வலியைத் தாங்கிக் கொள்ளாமல், டாக்டரிடம் சீட்டுக் கேட்டு வாங்குவது நல்லது.

ஊட்டியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கடுமையான மண்டைக் காயம் என்றால் கோவைக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். அது சுமார் 85 கிலோமீட்டர். அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். ஆகையால் அறிகுறி தெரிந்ததும் கிளம்பி விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடிபட்டவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது.

புறப்படும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் விழுந்த நேரம், முதல் வாந்தி எடுத்த நேரம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை எழுதி, அடிபட்டவருடன் போகிறவர் கையில் கொடுங்கள்.