பேராசிரியர்கள் மாணவராகும் வகுப்பு

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறவர் ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்று நியதி வைத்திருக்கும் நம் தேசம், சர்வகலாசாலையில் அதே கணக்கைப் போதிக்க வருகிறவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்தையோ தகுதித் தேர்வையோ கேட்குமே தவிர, கற்பிக்கப் பயின்றீரா என்று வாசலில் கேட்பதில்லை. விஷய ஞானம் இருந்தால் போதனா சாமர்த்தியம் தானே வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை, கரும்பலகைக்கு முன்னால் ஒருவாறு செல்லுபடியாயிற்று. மாணவன் முகமே தெரியாத இணைய வகுப்பிலோ குட்டு வெளிப்பட்டுவிட்டது.

1987-ல் வான்கூவரில் கூடிய காமன்வெல்த் தலைவர்களின் முடிவால் பிறந்த ‘காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்’ என்னும் ஸ்தாபனமும், தொலைதூரக் கல்வியையே விரதமாகக் கொண்ட கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து, தொழில்நுட்பத் துணையோடு கற்பிக்கும் முறையைப் பல தேசத்து ஆசிரியர்களுக்கும் இலவசமாகப் பயிற்றும் ஐந்து வார வகுப்பை 2017-ல் தொடங்கின. வகுப்புக்கு மேடையானது கான்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘மூக்கிட்’. பாடம் பனிப்பிரதேசத்தது; மேடை கங்கைக் கரையது. பெயரில் மூக்கு இருந்தாலும், இம்மேடை காதையும் மறக்கவில்லை: இணைப்பு நலிந்து வீடியோ ஓட மறுக்கும் ஊர்களை உத்தேசித்து, ஒலியை மட்டும் தனியே தரவும், சாதாரணத் தொலைபேசி வழியாகவே பாடத்தைக் கேட்பிக்கவும் அதை அமைத்தவர்கள் வழி செய்தார்கள். ஏற்பாடுகளில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுதான்.

கான்பூரில் பொழுது விடியும்போது, அதபாஸ்கா இருக்கும் ஆல்பர்ட்டாவில் முந்தின நாள் மாலையாகையால், எல்லோரும் ஏககாலத்தில் கூடுவது சாத்தியமில்லை; பேச்சு முழுவதும் விவாதப் பலகையில் எழுத்தாகவே நடக்கிறது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000-ஆம் ஆண்டையொட்டி வகுத்த சித்தாந்தப்படி, இணைய வகுப்பில் ஆசிரியரின் வழிகாட்டுதல், சக மாணாக்கரின் தோழமை, சிந்தனையின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே பிரசன்னமாயிருக்க வேண்டும். இருபது வருஷம் பிரசங்கம் செய்து பழகிய ஒரு பேராசிரியர், தாம் எழுதிப்போட்ட ஐயத்துக்கு யாரேனும் பதில் எழுதினார்களா என்று படுக்கப் போகும்முன் ஒரு தடவையும் விடிந்ததும் ஒரு தடவையும் திறந்து பார்த்து, அங்கே வெறுமையைக் காணும்போது, தோழமை என்ற அந்த இரண்டாவது சொல்லுக்கு எந்த நூலும் தராத விளக்கம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. சான்றிதழைச் சேகரிப்பதற்காகவே சேருகிறவர்களும் உண்டு. ஆனால் ஐந்து வாரம் கழித்து அந்தப் பேராசிரியர் தம் சொந்த வகுப்புக்குள் நுழையும்போது, பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கக் கனடாவிலிருந்தும் கான்பூரிலிருந்தும் யாரும் வருவதில்லை; அந்த நாற்காலியை அவரவர் கல்லூரிதான் போட வேண்டும்.