சித்தப்பாவின் 11 வருஷம் எங்கே போச்சு?

போன மாசம் ஊருக்கு, திட்டக்குடிக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு 58 வயசு முடிஞ்சிருச்சு. விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில 6 வருஷம், அப்புறம் இன்னொரு கம்பெனியில 5 வருஷம் வேலை பார்த்தவர். ரெண்டு இடத்துலயும் பி.எஃப். பிடிச்சாங்க. "எனக்கு பென்ஷன் எவ்வளவு வரும், பார்த்துச் சொல்லுப்பா"ன்னார். பார்த்தேன். ஒண்ணுமே வராது.

ஏன்னு சொல்றேன். நம்ம அடிப்படைச் சம்பளத்துல 12 சதவீதம் பிடிக்கிறாங்க, முதலாளியும் 12 போடுறார். ஆனா அவர் பங்குல 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகுது, 3.67 மட்டும்தான் பி.எஃப்.ல சேருது. அதாவது ரெண்டு உண்டியல். 1995-ல் வந்த இந்த பென்ஷன் திட்டத்துல மாசாமாசம் பணம் வர 10 வருஷ சர்வீஸ் வேணும். ஒரே கம்பெனியா இருக்கணும்னு இல்ல.

சித்தப்பா ஒவ்வொரு தடவை வேலையை விட்டப்பவும் ரெண்டு படிவத்துல கையெழுத்துப் போட்டார். 19-ம் நம்பர் பி.எஃப். பணத்துக்கு. 10சி பென்ஷன் பணத்துக்கு. ரெண்டாவதைக் காசா வாங்கினதும் அதுவரைக்குமான சர்வீஸ் அழிஞ்சிரும். 6-ம் போச்சு, 5-ம் போச்சு.

அவரை விவரமில்லாதவர்னு நினைக்காதீங்க. ஒரு தடவை பாட்டிக்கு ஆபரேஷன், இன்னொரு தடவை தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ். வட்டிக்கு வாங்காம சொந்தக் காசை எடுத்தார். கம்மி சம்பளக்காரங்களுக்கு அவசரத்துக்கு இருக்கிற ஒரே சேமிப்பு பல நேரம் பி.எஃப்.தான்.

ஆனா கணக்கைப் பாருங்க. கடைசி 5 வருஷச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸால பெருக்கி, 70-ஆல வகுக்கணும். சம்பளம் 9,000, சர்வீஸ் 11 வருஷம்னா மாசம் சுமார் 1,414 ரூபாய். ஆயுசு முழுக்க. அவருக்குப் பிறகு சித்திக்கும் ஒரு பங்கு. இதை விட்டுட்டு அவர் வாங்கினது, ஒரு வருஷ சர்வீஸுக்கு ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம்.

அதனால, 10 வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டா, அவசரத்துக்கு பி.எஃப். பணத்தை எடுங்க, தப்பில்ல. 10சி-யில மட்டும் பணம் கேட்காம, 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேளுங்க. அடுத்த வேலையில அந்த சர்வீஸ் சேர்ந்துக்கும். உடனே வேற வேலை கிடைச்சா, பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுங்க.

இதையெல்லாம் சொன்னப்போ சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தம்பிக்கு ஒரு போன் போடு. திருப்பூர்ல வேலை மாறப் போறேன்னான்"னார்.

உங்க வீட்லயும் ஒரு தம்பி இருப்பான். போன் போடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.