பக்கவாதமும் பல்லாங்குழியும்

சென்ற ஆண்டு கட்கியில் வாழும் என் மாமாவைப் பக்கவாதம் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கை சொன்னபடி கேட்கவில்லை. மருத்துவமனையில் கற்பித்த பயிற்சிகளை வீட்டில் செய்யச் சொன்னால், "போதுமடா தம்பி! தூக்கு, இறக்கு என்று எத்தனை நாளைக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சலிப்புக்கு மருந்து உண்டா என்று தேடப் புகுந்தேன். கண்டதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

பக்கவாதத்தில் பழுதுபடுவது கையன்று. கையை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதியே. இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ அங்குள்ள உயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீளா. எனினும், அண்டையிலுள்ள பகுதிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்ளக்கூடும். 1996-இல் ராண்டல் நூடோ என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவர் தோழர்களும், மூளையில் சிறு சேதமுற்ற குரங்குகளைச் சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கப் பழக்கினர். பயின்ற குரங்குகளின் மூளையில் கைக்குரிய இடம் சுருங்காமல் நின்றது. சிலவற்றில் விரிவும் கண்டது.

அப்படியானால் வேண்டுவது யாது? மீண்டும் மீண்டும் பயிலுதல். ஆனால் மனிதருக்கு நடக்கும் சிகிச்சையைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வொன்றில், பயனுள்ள கையசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரி 32 தான்! குரங்குகளோ நூற்றுக்கணக்கில் பயின்றவை.

இங்கேதான் விளையாட்டு நுழைகிறது. 2006-இல் வந்த 'வீ' என்னும் கருவியைக் கையில் பிடித்து அசைத்தால், அதிலுள்ள உணர்கருவி அசைவை அறிந்து திரையில் பந்தை அடிக்கச் செய்யும். அடித்தால் புள்ளி, தவறினால் மறுபடியும் ஓர் ஆசை. எண்ணிச் செய்யச் சலிப்பவர், எண்ணாமலே பலமுறை கையை வீசிவிடுவார்.

ஆனால் கருவியில் மாயம் இருக்கிறதா? நான்கு நாடுகளில் 141 நோயாளிகளை வைத்து நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஒரு சாரார் 'வீ' ஆடினர். மற்றொரு சாரார் சீட்டும் பந்தும் போன்றவை ஆடினர். இரு சாராரும் முன்னேறினர், கருவி விஞ்சவில்லை. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்த ஆய்வும் நமக்கு எச்சரிக்கையே: குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே சிகிச்சை நடத்தியதால் தனிப்பயன் எதுவும் விளையவில்லை என்று 2017-இல் அறிவித்தனர். ஆகவே, வீட்டுச் சிகிச்சை என்ற பெயரில் எதை விற்றாலும் நம்பிவிடலாகாது.

குரங்கின் குழிகளைப் படித்ததும் எனக்குப் பாட்டியின் பல்லாங்குழி நினைவு வந்தது. 14 குழி, குழிக்கு ஐந்தென்றால் 70 புளியங்கொட்டை. ஒவ்வொன்றையும் விரல் நுனியால் கிள்ளி எடுத்து இட வேண்டும். இயன்முறை மருத்துவரைக் கேட்டு, தோளில் வலி வராத உயரத்தில் பலகையை வைத்து, மாமாவுடன் ஆடினேன். கை முற்றும் குணமாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால், "இன்னொரு ஆட்டம்" என்று இப்போது அவரே கேட்கிறார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே! வீட்டில் இப்படியொரு முதியவர் இருந்தால், விலையுயர்ந்த கருவியைத் தேடி அலைய வேண்டாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அவர் எதிரே சிறிது நேரம் உட்காருங்கள். ஆட்டத்திற்கு முதலில் வேண்டியது எதிராளி அன்றோ!