சேலைக்கு ஆயிரம், சொத்துக்கு எவ்வளவு?

ஆரணியில ஒரு பட்டுக் கடைக்குப் போய் 20,000 ரூபாய்க்குச் சேலை எடுக்கறீங்கன்னு வச்சுக்குவோம். பில்லோட அடியைப் பாருங்க. மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், 500 ரூபாய். மாநில ஜிஎஸ்டி இன்னொரு 500. மொத்தம் 21,000. வாங்குறவர் ஜவுளி முதலாளியா, பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் வாங்கி வந்த நெசவாளியா என்றெல்லாம் பில் கேட்காது. ரெண்டு பேருக்கும் அதே ஆயிரம்தான்.

அந்த ஆயிரத்தைக் கடைக்காரர் முழுசாக அரசுக்குக் கட்டுவதில்லை. சரக்கு வாங்கும்போது தான் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுவார். கழிக்க வழியே இல்லாத ஒரே ஆள், கடைசியில் சேலையைக் கட்டிக்கொள்பவர்.

இப்போ அந்த முதலாளி 10 கோடி ரூபாய் வீட்டை மகனுக்கு விட்டுட்டு இறந்துபோறார். மகனுக்கு வாரிசு வரி? சைபர்.

எப்பவும் இப்படி இல்லை. 1953-ல் எஸ்டேட் டியூட்டி என்ற வரி வந்தது. பெரிய சொத்துகளுக்கு அதன் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. 1985-ல் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை எடுத்துவிட்டார். வருஷத்துக்கு வசூல் சுமார் 20 கோடிதான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். சட்டத்தில் 85 சதவீதம், கையில் 20 கோடி என்றால் எத்தனை ஓட்டை இருந்திருக்கும்! ஓட்டையை அடைக்காமல் பானையையே தூக்கிப் போட்டுட்டாங்க என்பது என் கருத்து. ஜப்பானில் இன்றும் உச்ச விகிதம் 55 சதவீதம், பிரிட்டனில் 40.

சரி, அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகன் பேருக்கு எழுதி வச்சா? தமிழ்நாட்டில் 2023-லிருந்து குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 10 கோடி வீட்டுக்கு 50,000 ரூபாய், அதாவது 0.05 சதவீதம். சேலைக்கு 5 சதவீதம். நூறு மடங்கு வித்தியாசம்! கால்குலேட்டரில் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

கிஃப்ட் கதை கொஞ்சம் வேடிக்கை. 1958-ல் வந்த கொடை வரி 1998-ல் போயிடுச்சு. இப்போ வாங்குறவருக்குத்தான் வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000-க்கு மேல் பணம் வந்தால், மிச்சத்துக்கு மட்டுமில்லை, முழுத் தொகையும் உங்க வருமானத்தில் சேரும். தாய்மாமா எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. அவர் மகன் கொடுத்தால் உண்டு, ஏன்னா சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் கசின் கிடையாது. உங்க கல்யாணத்தில் உங்களுக்கு வரும் மொய்க்கு முழு விலக்கு. காதுகுத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் அந்த விலக்கு இல்லை. மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, யார் உறவினர்னு காட்ட அதுதான் கணக்கு.